விளக்கு வைத்த நேரத்து வசவு

மேற்கேயும் மலை, கிழக்கேயும் மலை என்று இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்த கம்பம் பள்ளத்தாக்கில், மஞ்சணத்திப்பட்டி என்ற ஊரில், இருமல் மருந்துக்கும் கேவலமாக இருந்த ஓர் ஒயின், வருசம் திரும்புவதற்குள் சீமைக்காரனே கண்ணை மூடிச் சப்புக்கொட்டும் ஒயினாக மாறிப்போனது. அதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கம்பெனிக்காரர்கள் மண் என்றார்கள், விமானத்தில் வந்த நிபுணர் மலைக்காற்று என்றார், பஞ்சாயத்துத் தலைவர் லோகுதுரை கூச்சநாச்சமில்லாமல் என் ராசி என்றார். உண்மையான காரணம் வீருசின்னம்மாவின் வயிற்றெரிச்சல். அது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் தெரியாத மாதிரி இருந்தார்கள்.

வெள்ளிக்கொடி ஒயின்ஸ் என்கிற அந்தக் கம்பெனி வந்த புதிதில், ஊர்ப் பந்தல்களில் விளைந்த பன்னீர்த் திராட்சையை வண்டி வண்டியாக வாங்கி, ஆள் உயரத்துக்கு மேல் ஆள் நின்றாலும் எட்டாத எவர்சில்வர் தொட்டிகளில் நொதிக்கவைத்து, அழகான குப்பிகளில் அடைத்து அனுப்பிப் பார்த்தது. கடைக்காரர்கள் அதை அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்கள். ஊர்க் குடிகாரர்கள் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, மிச்சத்தைத் திராட்சைக் கொடிக்கு ஊற்றினால் கொடி கோபித்துக்கொள்ளும் என்று பயந்து வேலியோரம் ஊற்றினார்கள். அந்தத் தொட்டிகளைக் கழுவுகிற வேலைதான் வீருசின்னம்மாவின் புருசன் சென்றாயனுக்கு. அவன் அப்பன் குடித்துவிட்டு வந்து அடித்த அடியில் குடியின் வாடையையே வெறுத்தவன் அவன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் தொட்டிப் பக்கம் போவான். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒயின் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரே ஆள் நம்ம ஊர் சென்றாயன்தான் என்று ஊரே கேலி பேசியது, பிற்பாடு வசதியாக மறந்தும் போனது.

அந்தக் கார்த்திகையில் அவன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். முதல் மாலை, கன்னிச்சாமி. கறுப்பு வேட்டியும் வெறுங்காலும் கழுத்தில் துளசி மணியுமாக, விரதம் முடியும்வரை தொட்டிப் பக்கம் வேண்டாம் என்று மேனேஜர் கிருபாகரனிடம் கேட்டு, வெளியே பழக்கூடை கழுவிக்கொண்டிருந்தான். பெங்களூரிலிருந்து பெரிய ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்று தாக்கல் வந்த அன்று காலையில் கிருபாகரன் அவனைக் கூப்பிட்டார். பழம் இறக்க வந்த கூட்டத்தோடு வீருசின்னம்மாவும் அங்கேதான் நின்றாள்; ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

"சார், இன்னைக்கு மட்டும் வேற ஆளப் பாருங்க. மாலை போட்டுருக்கேன்" என்றான் சென்றாயன்.

"வேற ஆளுக்கு நான் எங்க போறது? தொட்டி பளபளன்னு இருக்கணும். எறங்குங்க சாமி, எறங்குங்க."

"அப்ப ஒரு வெளக்க எறக்கிக் காத்து நல்லாருக்கான்னு பாத்துட்டு..."

"இது என்ன உங்க ஊருக் கெணறா? எவர்சில்வர் தொட்டிய்யா. எறங்கு."

பாழுங்கிணற்றில் தூர்வார இறங்குகிறவன்கூட முதலில் கயிற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்பான். விளக்கு அணையாமல் நின்றால்தான் ஆள் இறங்குவான். அந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் தெரிந்த இந்தச் சங்கதியைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் கிருபாகரன் ஆளை இறக்கினார். பழம் நொதித்து விட்ட மூச்சு தொட்டியின் அடியில் படுத்துக் கிடந்தது. சென்றாயன் அதன் மேல் போய் நின்றான், குனிந்தான், பிறகு நிமிரவில்லை. தூக்கி வெளியே போட்டபோது வேட்டியெல்லாம் சக்கை, முடியெல்லாம் ஒயின், வாயிலும் மூக்கிலும் கசண்டு. கிருபாகரன் பெங்களூர்க் கார் வந்துவிட்டதா என்று வாசலை எட்டிப் பார்த்தார். அப்புறம் கூடி நின்ற கூட்டத்தைப் பார்த்து, "குடிச்சிட்டு உள்ள விழுந்துட்டான்" என்றார்.

ஊர் வந்தது, குனிந்து மோந்து பார்த்தது, ஆமா என்றது. மோப்பத்தில் தீர்ப்புச் சொல்ல நாய்க்குத்தான் உரிமை என்று நினைத்திருந்தோம். மஞ்சணத்திப்பட்டிக்கும் உண்டு போலிருக்கிறது. ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்தார்கள், பார்த்தது என்னவென்று பெண்டாட்டிக்கு ஒருவரும் சொல்லவில்லை. சென்றாயனுக்கு மாலை போட்டுவிட்ட குருசாமி துட்டி விசாரிக்க வந்தவர், மாலையோடு குடித்தவன் வீடு என்று வாசலோடு திரும்பிப் போனார். புருசன் செத்ததைக்கூட வீருசின்னம்மா ஒரு மாதிரி விழுங்கியிருப்பாள்; குருசாமியின் முதுகை அவளால் விழுங்க முடியவில்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கிருபாகரன் கம்பெனி வாசலில் நின்று, சென்றாயன் குடிக்கவில்லை, நான்தான் இறக்கிவிட்டேன் என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம். வாட்ச்மேன் கதவைச் சாத்தினான். அவளுக்கு இருந்தது இனி வாய் ஒன்றுதான். பொழுது பூராவும் பந்தல் வேலை. காய்க்கொத்து ஒதுக்கி, பழம் அறுத்து, கூடை சுமந்து முடித்து அவள் கம்பெனி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. அங்கேதான் வினை பிடித்தது.

விளக்கு வைத்த நேரத்தில் வாயில் அவச்சொல் வரக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் அவள். விளக்கை அணைக்காதே, குளிரவை; அரிசி தீர்ந்துபோச்சு என்று சொல்லாதே, நிறைஞ்சிருக்கு என்று சொல்; தாலிக்கயிறு அறுந்தாலும் பெருகிருச்சு என்றுதான் சொல்ல வேண்டும். தப்பி ஒரு கெட்ட சொல் வந்தால் அவள் அம்மா வாய் மேலேயே போடுவாள். அந்த அடி நாக்கில் அப்படியே இருந்தது. ரெண்டு கையாலும் மண்ணை வாரி எடுத்து, நாசமாகப் போங்கடா என்று சொல்ல வாயைத் திறந்தவளுக்கு, தெருவிளக்கு பொக்கென்று எரிந்ததும் நாக்குத் தானாகத் திரும்பிக்கொண்டது.

"நல்லா இருங்கடா!" என்று கத்தினாள். "நல்லா இருங்க! உங்க கம்பெனி வெளங்கிரும்டா! உங்க ஒயினு தேனா இனிக்கட்டும், எட்டு ஊருக்கு மணக்கட்டும்! என் சாமிய முழுங்குன தொட்டி நெறஞ்சு வழியட்டும்! சீமையில இருந்து வந்து வாங்கிக் குடிக்கட்டும்டா, நல்லா இருங்க!"

தமிழ்நாட்டில் பிறந்த எந்தப் பச்சைப்பிள்ளையிடம் போய் நல்லா வெளங்கிரும் என்று இந்தக் குரலில் சொன்னாலும், அது நடுங்கி அழும். தூற்றின மண் விழுந்த இடத்தை விட்டு வாட்ச்மேன் ஒதுங்கி நின்றான், தெருநாய் எழுந்து போனது. ஆனால் உள்ளே தொட்டியில் இருந்த ஒயின் இந்த ஊரில் பிறந்ததல்ல. பழம்தான் நம்முடையது, அதை நொதிக்கவைக்கிற ஈஸ்ட் பிளேனில் பொட்டலமாக வந்து இறங்கியது. புதிதாகத் தமிழ் படிக்கிறவர்கள் மாதிரி அது சொல்லைத்தான் கேட்டது, சொன்ன தொண்டையைக் கேட்கவில்லை. நம் எகத்தாளம் அதற்குப் புரியவில்லை. ஒரு பெண்பிள்ளை வந்து இனிக்கட்டும் என்கிறாள், சரி இனிப்போம். மணக்கட்டும் என்கிறாள், சரி மணப்போம் என்று நல்ல பிள்ளையாகச் சொன்னபடி செய்தது.

தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் போனாள், மண்ணைத் தூற்றினாள், வயிறு பற்றி எரிய வாழ்த்தினாள். ஆத்திரம் ஏற ஏறச் சொற்கள் பெரிதாயின, சொற்கள் பெரிதாக ஆக ஒயின் தேறிக்கொண்டே போனது. முதலில் இருமல் மருந்து வாடை போனது. பிறகு, மழை விழுந்த பந்தலுக்குக் கீழே நின்றால் வருமே, அந்த வாசனை அதில் வந்தது. பிறகு, குடித்து முடித்த பின்னும் நாக்கில் நெடுநேரம் ஒரு சூடு நிற்கிறது, எந்த நாட்டு ஒயினிலும் அப்படி ஒன்று இல்லை என்று பேப்பர்களில் எழுதினார்கள். அது அவள் சூடு. போட்டிகளில் மெடல் மேல் மெடல் வந்தது, அந்தப் பள்ளத்தாக்கின் பெயரையே கேள்விப்படாத தேசத்துக்காரர்கள் மஞ்சணத்திப்பட்டி என்ற பெயரை வாய்க்குள் போட்டுக் குதப்பிக்கொண்டு வந்து இறங்கினார்கள்.

நாலு நாள் காய்ச்சலில் அவள் படுத்தபோது கிருபாகரனுக்கு விசயம் பிடிபட்டது. தொட்டிகள் சோம்பிவிட்டன, வாசனை இறங்கியது. ஐந்தாம் நாள் கம்பெனிக் காரே அவளைத் தேடி ஆரஞ்சுப் பழமும் மாத்திரையுமாக வந்தது. அப்போதுதான் அவளுக்கும் புரிந்தது. தன் சாபம் அத்தனையும் சாப்பாடாக அல்லவா போயிருக்கிறது என்று அவள் கூசிப்போனாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில், விளக்குக் கட்டுப்பாடு இல்லாத நேரத்தில், நேராகப் போய் வாசலில் நின்று, "புளிச்சுப் போ" என்றாள். சொன்னபடி புளித்தது, ஒரு தொட்டி முழுக்க. கிருபாகரன் அலட்டிக்கொள்ளவில்லை, இந்த வாரம் பழம் வேண்டாம் என்று கேட்டை மட்டும் பூட்டினார். அவள் கூட்டுக்காரி குருவம்மா, தண்ணீருக்கு அலைந்து, கவாத்துப் பண்ணி, பிள்ளை மாதிரி வளர்த்த மகசூல் வண்டியோடு கேட் முன்னால் நின்று அழுகியது. குருவம்மா ஓடிவந்து காலைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, அண்ணன் செத்தது எனக்கு மட்டும் வலிக்காதா? ஆனா அழுகுறது அந்த மேனேஜரு ஒயினு இல்ல மதினி, என் பழம். நீ நல்ல வாக்கே சொல்லு மதினி, உன்னையக் கும்புடுறேன்."

தான் எறிந்த கல் எவன் மண்டையில் விழ வேண்டுமோ அவனை விட்டுவிட்டு எப்போதும் பக்கத்தில் நிற்கிறவள் மண்டையில்தான் விழுகிறது என்று வீருசின்னம்மாவுக்கு அழுகையை மீறிக் கோபம் வந்தது. ஆனாலும் குருவம்மாவைத் தூக்கி நிறுத்தினாள். அன்று சாயங்காலம் மறுபடி போய், பல்லைக் கடித்துக்கொண்டு, நல்லா இருங்க என்றாள்.

அதிலிருந்து அது ஊர் வழக்கமாகிவிட்டது. மனிதர்களுக்கு எதுவும் பழகிவிடும், அடுத்தவர் வயிற்றெரிச்சல் இன்னும் சீக்கிரம் பழகிவிடும். பொழுது சாய்ந்தால் கேட்டுக்கு எதிரே நாற்காலி போட்டார்கள், சுண்டல் விற்றார்கள். வெளியூர்க்காரர்கள் கேமராவோடு வந்து உட்கார, தூற்றுவதற்கு வாகாகக் கம்பெனியே ஒரு கூடை சலித்த செம்மண் கொண்டுவந்து வைத்தது. அவள் குரல் தாழ்ந்தால் லோகுதுரை பின்னாலிருந்து, "இன்னுங் கொஞ்சம் வயிறெரிஞ்சு சொல்லு தாயி, ஊருக்காகத்தான" என்று எடுத்துக் கொடுத்தார். கேட்பாரற்றுக் கிடந்த பழத்துக்குக் கிராக்கி வந்தது, மாடி வீடுகள் எழுந்தன, பஸ் ஊருக்குள் வந்து திரும்பியது. அவள் மட்டும் ஒவ்வொரு நாளும் சொல்லி முடித்ததும் கிருபாகரனின் ஜன்னலைப் பார்த்து, "அந்த ஒரு வார்த்தைய எப்ப சார் சொல்லுவீங்க?" என்று கேட்டாள். வேலை தருகிறேன் என்றார், வீடு கட்டித் தருகிறேன் என்றார். அந்த ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

அதற்குப் பதிலாக அவர்கள் வேறொரு காரியம் செய்தார்கள். துர்மரணம் அடைந்தவனைச் சாமியாக்குவது நம் பக்கத்து வழக்கம். ஊரும் கம்பெனியும் கூடிப் பேசி, தொட்டிக்குப் பக்கத்தில் பீடம் எழுப்பி, சென்றாயனைத் தொட்டிச்சாமி ஆக்கிவிட்டார்கள். குடித்துச் செத்த சாமிக்கு என்ன படைப்பார்கள்? ஒயின் படைத்தார்கள், சுருட்டு வைத்தார்கள். வாடைக்கு மூக்கைப் பொத்தியவன் வாயில், கல்லான பிறகு, தினமும் ஊற்றினார்கள். அது போதாது என்று, உசந்த சரக்கு ஒன்றுக்குத் தொட்டிச்சாமி ரிசர்வ் என்று பெயர் வைத்து, கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக ஒரு மனிதன் கையில் கிளாஸோடு சிரிக்கிற படத்தைக் குப்பியில் ஒட்டினார்கள். பொய் சொன்னவன் ஒருநாள் வெட்கப்படுவான் என்று காத்திருந்தாள் அவள். அவன் பொய்க்குக் கும்பாபிஷேகம் நடத்தினான்.

அந்தப் பீடத்தைத் திறந்த அன்று ஊரே திரண்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் வேட்டி கட்டி வந்திருந்தார்கள், மேளம் முழங்கியது. வாசலோடு திரும்பிப்போன குருசாமி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பொழுது சாய, கிருபாகரன் மைக்கைப் பிடித்தார்.

"சென்றாயன் ஐயாவுக்கு ஒயின் மேல அப்படி ஒரு காதல். கடைசி மூச்சு வரைக்கும் ருசிச்சிக்கிட்டே போனவர். அவர் ஆசீர்வாதம்தான் இந்த ருசி. இப்ப அம்மா விளக்கேத்தி, அவங்க வாயால நல்ல வார்த்தை சொல்லுவாங்க."

கூட்டம் கை தட்டியது. வீருசின்னம்மா எழுந்து போய் விளக்கை ஏற்றினாள். செம்மண் கூடையை ஒருவன் நீட்டினான், அவள் தொடவில்லை. வயிறு எரிந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது. ஜனங்களைப் பார்க்காமல், கிருபாகரனையும் பார்க்காமல், உயர்ந்து நின்ற தொட்டிகளைப் பார்த்துப் பேசினாள்.

"ஏ ஒயினு! இந்த ஊருல நான் சொன்னத சொன்னபடி கேட்டது நீ ஒருத்திதான். நல்லாரு. உன் ருசி கொறையாம இருக்கட்டும், வாசம் கொறையாம இருக்கட்டும், எங்க பழத்துக்கு ஒரு பழுதும் வராம இருக்கட்டும். எங்க வீட்டுக்காரரு அன்னைக்கு எம்புட்டுக் குடிச்சிருந்தாரோ, அம்புட்டுப் போதை உனக்குள்ள இருக்கட்டும். கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

அடடா, எப்பேர்ப்பட்ட வாக்கு என்று லோகுதுரை உருகிப்போய்க் கை தட்டினார். கூட்டமும் தட்டியது. தட்டப் போன கிருபாகரனின் கைகள் மட்டும் ஒன்றையொன்று சேராமல் நின்றன.

கிளாஸ்கள் வந்தன. குடித்தவர்கள் கண்ணை மூடினார்கள். ருசி அப்படியே இருந்தது, வாசனை நேற்றைவிட ஒரு படி மேலாகவே இருந்தது. ரெண்டாவது ரவுண்டு போனது, மூணாவது போனது. ஊரின் குடிகாரர்களில் மூத்தவர் ஒச்சுக்காளை; மூடியைத் திறந்த வாசத்துக்கே வேட்டி அவிழ்கிற ஆள். அவர் ஒரு முழுக் குப்பியைச் சாய்த்துவிட்டு, வழக்கம்போல விழுவதற்குத் தோதாக ஓர் இடம் பார்த்து நின்றார். விழவில்லை. சந்தேகம் வந்து வரப்பில் ஏறி நடந்து பார்த்தார்; ஒரு கால் பிசகாமல் அந்தக் கோடி வரை போய் இந்தக் கோடிக்குத் திரும்பினார். இன்னொரு குப்பி குடித்துவிட்டு மறுபடி நடந்தார்.

"அடப்பாவிகளா," என்று ஓங்கி அழுதார் ஒச்சுக்காளை, "தெளிவா இருக்கேனய்யா! நான் என்ன பாவம் பண்ணேன்?"

பாட்டும் கூத்துமாக ஆகியிருக்க வேண்டிய கூட்டம், கோயிலில் பிரசாதத்துக்கு வரிசையில் நிற்கிற கூட்டம் போல ஒழுங்காக நின்றது. வெள்ளைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லோகுதுரை தன்னிடம் போதை ஏதும் இருக்கிறதா என்று தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். குருசாமி வரப்பில் நேராக நடந்து வரும் ஒச்சுக்காளையைப் பார்த்தார், பீடத்தைப் பார்த்தார், எழுந்து தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். குருவம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கிருபாகரன் ஓடினார். தொட்டிச்சாமி ரிசர்வ் குப்பியை உடைத்துக் குடித்தார், போன வருசத்துக் குப்பியைக் குடித்தார், மெடல் வாங்கிய குப்பியைக் குடித்தார். முதல் தொட்டியின் குழாயில் வாயை வைத்துக் குடித்தார், ரெண்டாவதில் குடித்தார், சென்றாயனை இறக்கிய தொட்டிக்கு வந்து மண்டிபோட்டுக் குடித்தார். சட்டையெல்லாம் ஒயின், முடியெல்லாம் ஒயின், மோந்து பார்த்தால் எந்த ஊரும் குடிகாரன் என்றுதான் சொல்லியிருக்கும். கண் மட்டும் பளிச்சென்று தெளிந்திருந்தது. எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்.

"போதை இல்ல! ஒரு சொட்டுப் போதைகூட இல்லையே!"

மேளம் நின்றிருந்தது. வீருசின்னம்மா மைக்கை எடுத்துக்கொண்டு போய் அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"சத்தமாச் சொல்லுங்க சார்."

"இல்லம்மா, இல்ல!" பள்ளத்தாக்கு முழுக்க அவர் குரல் ஒலிபெருக்கியில் அலறியது. "துளிகூடப் போதை இல்ல!"

"அதத்தான் சார்," என்றாள் வீருசின்னம்மா, "நானும் ரெண்டு வருசமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்."